ஏழாம் எண் கையுறை

என்னை வேலையிலிருந்து எடுத்துவிடச் சொல்லி டாக்டர் கோலப்பன் எழுதிய கடிதம் வெள்ளிக்கிழமை காலை வந்தது. மறுநாள் மாலை நாலு மணிக்கு அதே டாக்டர் கோலப்பனை மேடையில் நின்று சபைக்கு அறிமுகம் செய்யவேண்டி வந்தது.

இரண்டு செய்தியையும் என்னிடம் கொண்டுவந்தவர் சாம்பசிவன். எங்கள் கல்லூரி ஆபீஸுக்கு அவர் ஒருவர்தான் குமாஸ்தா.

கல்லூரி என்று பெயரே தவிர அங்கே வகுப்பு கிடையாது. அறுவை மருத்துவம் படித்தவர்களுக்கு மறுபடியும் ஒரு கடினமான பரீட்சை வைத்து, தேறியவர்களை அங்கத்தினராகச் சேர்த்துக்கொள்ளும் சபை அது. தைக்காட்டில் ஓர் ஓட்டு வீடு. முன்கட்டில் கூட்டம் போடும் ஹால். பின்கட்டில் ஒரு சிறிய ஆப்பரேஷன் தியேட்டர். ஆட்சிக்குழுவின் ஐந்து டாக்டர்களும் முறைவைத்து வந்து ஏழை நோயாளிகளுக்கு அங்கே ஆப்பரேஷன் செய்வார்கள்.

தியேட்டருக்கும் பின்னால், கிணற்றை ஒட்டிய அறை என்னுடையது. இரசாயனத்தில் பி.எஸ்ஸி. முடித்துவிட்டு ஒரு வருஷம் வீட்டில் சும்மா இருந்தேன். ஆட்சிக்குழுத் தலைவர் டாக்டர் வெங்கடகிருஷ்ணன் என்னை இந்த வேலைக்கு எடுத்தார். ஐந்து மாதம் ஆகியிருந்தது. இது போனால் வேறு வேலை இல்லை. சாலைத் தெருவில் எங்கள் வீட்டில், மாப்பிள்ளை வீட்டாருக்குக் கொடுக்க என் ஜாதகத்தின் நாலு பிரதிகள் தயாராக இருந்தன.

வேலை என்பது பெரும்பாலும் கையுறைகள். ரப்பர் கையுறை கப்பலில் வரவேண்டும். ஒருமுறை போட்டு எறிய முடியாது. கழுவி, காற்றூதித் தண்ணீரில் அமுக்கிப் பார்ப்பேன். குமிழி வந்தால் ஓட்டை. வராவிட்டால் உலர்த்தி, பவுடர் தூவி, ஜோடி ஜோடியாகத் துணியில் சுற்றி, மேலே டாக்டரின் பெயரையும் கை அளவையும் எழுதி, கிருமி சாக ஆவிப்பெட்டியில் வைப்பேன். நர்ஸ் வந்து எடுத்துப்போவாள். டாக்டர்கள் யாரும் என் அறைக்கு வந்ததில்லை. தலைவரைத் தவிர எவர் முகமும் எனக்குத் தெரியாது. தியேட்டருக்குள் எட்டிப் பார்த்தாலும் தொப்பியும் முகத்துணியும்தான் தெரியும்.

ஆனால் கையுறைகளைத் தெரியும். டாக்டர் சுசீலாபாய்க்கு அளவு ஆறு. கழற்றினால் விரல்களை நேராக்கி அனுப்புவார். டாக்டர் குற்றாலலிங்கம் எட்டு. டாக்டர் அழகியநம்பி ஏழரை. இடது ஆள்காட்டி விரலில் ஊசித் துளை இருக்கும். டாக்டர் கோலப்பன் ஏழு.

டாக்டர் கோலப்பனுடையவை கிழிந்தன. ஒவ்வொரு வாரமும், ஒரே இடத்தில், கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே. நான் ஆவியை அளவுக்கு மேல் சூடாக்கி ரப்பரைக் கெடுக்கிறேன் என்பது அவர் கடிதம். சூட்டையும் நிமிஷத்தையும் நான் நோட்டில் குறித்திருந்தேன். ஒரே பெட்டி, ஒரே ஆவி. மற்ற நால்வருடையவை கிழியவில்லை. ஏன் என்று தெரியவில்லை. போய்ச் சொல்லவும் தைரியம் இல்லை.

சனிக்கிழமை மத்தியானம் சாம்பசிவன் என் அறை வாசலில் வந்து நின்று வாயை அசைத்தார். சத்தம் வரவில்லை. ஆண்டு விழாவில் ஆட்சிக்குழுவை அறிமுகம் செய்வது அவர் பொறுப்பு. மூன்று நாளாகக் காலி ஹாலில் கத்தி ஒத்திகை பார்த்ததில் தொண்டை போய்விட்டது.

"வடிவு, நீதான் வாசிக்கணும்" என்றார், காற்றாக.

"நானா? எனக்கு அவுங்க மொகமே தெரியாதே சாமி."

"மொகம் எதுக்கு? இடதுலேர்ந்து வலது வரிசையா எழுதியிருக்கேன். கையைக் காட்டு, வாசி, அடுத்த ஆள். பேடிக்காதே, பயம் வேண்டாம்."

"எம்மேல லெட்டர் போட்டிருக்காரே."

"அது விழா கழிஞ்சு அஞ்சரை மணிக் கூட்டத்துலன்னா எடுப்பா. இது நாலு மணி." அதற்கு மேல் அவருக்குக் காற்றும் வரவில்லை.

ஹாலில் நாற்பது பேர் இருந்தார்கள். புதிதாகத் தேறிய டாக்டர்களும் அவர்கள் வீட்டாரும். மேடையில் பச்சைத் துணி விரித்த மேசை, ஐந்து நாற்காலிகள். சாம்பசிவன் வாசலில் விருந்தினருக்குப் பன்னீர் தெளித்துக்கொண்டிருந்தார்.

போன வருஷம் தலைவருக்கு அடுத்த நாற்காலியில் யார் உட்காருவது என்று பேச்சு வளர்ந்து காபி ஆறிப்போனதாம். அதனால் இந்த வருஷம் தலைவர் ஒரு புது வழி வைத்திருந்தார். காலையில் என்னிடம் ஓர் எனாமல் தட்டு கேட்டு வாங்கியிருந்தார், ஆப்பரேஷனுக்கு வைக்கும் வளைந்த தட்டு. அதில் நாலு சீட்டைப் போட்டு மேடையிலேயே நீட்டினார். "யாருக்கு எது விழறதோ அங்கே உக்காரணும். மறுபேச்சு கிடையாது."

எடுத்தார்கள். உட்கார்ந்தார்கள். என் கையிலிருந்த காகிதம் அந்த நிமிஷத்தில் வீணாயிற்று.

தலைவரிடம் கேட்டிருக்கலாம். நாலு அடிதான் தூரம். ஹாலில் எல்லோரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், கேட்க வெட்கமாக இருந்தது.

நடுவில் இருந்த தலைவரைத் தெரியும். பெண் ஒருவர்தான், அவர் சுசீலாபாய். மிச்சம் மூன்று ஆண்கள். மேசையின் பச்சைத் துணிமேல் அவர்கள் கைகள் இருந்தன. நான் கைகளைப் பார்த்தேன்.

இடது ஓரத்தில் இருந்தவர் கை, மூன்றில் பெரியது. அப்படியானால் எட்டு.

"மகா ஜனங்களே," என்று வாசித்தேன். இடது ஓரத்தை நோக்கிக் கையைக் காட்டினேன். "இவர் டாக்டர் குற்றாலலிங்கம். தென்காசியில் பிறந்தவர். வயிற்று அறுவையில் பேர் பெற்றவர். பரீட்சைக் குழுவின் தலைவர்."

கைதட்டினார்கள். இடது ஓரத்தில் இருந்தவர் எழுந்திருக்கவில்லை. வலது ஓரத்தில் இருந்தவர் எழுந்து சபையைக் கும்பிட்டார்.

கைதட்டல் பாதியில் நின்றது.

"என்னது, நான் குற்றாலலிங்கமா?" என்றார் இடது ஓரத்துக்காரர்.

"ஒமக்கு என்னவே நஷ்டம்? ஓசியில நல்ல பேரு கெடச்சிருக்கு" என்றார் வலது ஓரத்துக்காரர். ஹாலில் சிரித்தார்கள்.

"ஏ பிள்ளே, நான் கோலப்பன். நாகர்கோவில் கோலப்பன். தெரியுமா?"

தெரியும் என்று தலையாட்டினேன்.

தலைவர் என் பக்கம் திரும்பினார். கோபம் இல்லை. "ஏம்மா, மொகம் தெரியலைன்னா சரி. இவரைப் பாத்து அவர் பேரை எதுக்குச் சொன்னே? ஒரு காரணம் இருக்குமே."

"கை" என்றேன்.

"கையா?"

"குற்றாலலிங்கம் டாக்டருக்கு எட்டாம் நம்பர் கிளவுஸ். இவுங்க கைதான் பெரிசா இருந்துது. கோலப்பன் டாக்டருக்கு ஏழு. இது ஏழு இல்ல."

கடைசி வார்த்தையைச் சொன்ன பிறகுதான் நான் என்ன சொன்னேன் என்பது எனக்கே புரிந்தது.

"ஏழுதான்" என்றார் டாக்டர் கோலப்பன். "எடின்பரோல படிக்கும்போதே எனக்கு ஏழு."

"அது எந்த வருஷம்?" என்று டாக்டர் சுசீலாபாய் கேட்டார்.

"ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பன்னெண்டு."

"அன்னைக்குத் தச்ச கோட்டு இன்னைக்கு ஒமக்குப் பத்துமா?"

முன்வரிசையில் ஓர் அம்மாள் பலமாகச் சிரித்தார். அவர் டாக்டர் கோலப்பனின் மனைவி என்று பிறகு தெரிந்தது.

"ரெண்டு பேரும் கையைச் சேத்துப் பாருங்களேன்" என்றார் தலைவர்.

டாக்டர் குற்றாலலிங்கம் எழுந்து வந்து தன் உள்ளங்கையை டாக்டர் கோலப்பனின் உள்ளங்கையோடு வைத்தார். டாக்டர் கோலப்பனின் கை இரண்டு பக்கமும் நூலளவு வெளியே தெரிந்தது.

"அளவு என்னவும் இருக்கட்டும்" என்றார் டாக்டர் கோலப்பன். "கிளவுஸ் இறுக்கமாத்தான் இருக்கணும். ஏழு எனக்குச் சரியாப் போகுது. கிழியதுக்குக் காரணம் ஆவி."

"போட்டுக் காட்டிட்டாப் போறது. வடிவாம்பா, ஒரு ஜோடி கொண்டுவா. புதுசா, ஆவி காட்டாததா" என்றார் தலைவர்.

நான் ஓடினேன். ஓடும்போது நன்றாக இருந்தது. யாரும் என்னைப் பார்க்கவில்லை. பிரிக்காத பெட்டியிலிருந்து ஏழு ஒரு ஜோடி எடுத்தேன். வாசல் வரை வந்து, திரும்பிப் போய் எட்டும் ஒரு ஜோடி எடுத்துக்கொண்டேன்.

டாக்டர் கோலப்பன் கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டார். பவுடர் தூவிக் கொடுத்தேன். விரல்கள் உள்ளே போயின. முகம் சிவந்தது. மணிக்கட்டைப் பிடித்து ஓர் இழுப்பு இழுத்தார். ஹால் முழுவதும் கேட்கும்படி ரப்பர் கிழிந்தது. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே.

அவர் கிழிசலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு நல்ல டாக்டர் காயத்தைப் பார்ப்பதுபோலத்தான் பார்த்தார்.

"ஆவி காட்டினதா இது?"

"இல்ல டாக்டர்."

"வாராவாரம் இங்கதான் கிழியுமா?"

"ஆமா. இதே எடத்துல."

"தெரிஞ்சும் ஏன் சொல்லல்ல?"

"கிழியுறதுதான் தெரியும். ஏன்னு தெரியல. நான் உங்க கையைப் பாத்ததில்லயே."

அவர் இன்னொரு கையை நீட்டினார். எட்டைக் கொடுத்தேன். சத்தமில்லாமல் போய் உட்கார்ந்தது. விரல்களை மடக்கினார், விரித்தார், மறுபடியும் மடக்கினார். "அட" என்றார் மெதுவாக. "கட்டைவிரலு வலிக்கவே இல்ல. அஞ்சாறு வருஷமா வயசாகுதுன்னுல்லா நெனச்சிட்டு இருந்தேன்."

பிறகு தலைவரைப் பார்த்தார். "நான் எழுதின அந்த லெட்டரைக் கிழிச்சிருங்க."

"அது ஒண்ணைத்தான் வே நீரு இன்னும் கிழிக்கல" என்றார் டாக்டர் குற்றாலலிங்கம்.

ஹால் அடங்க நேரமாயிற்று. தலைவர் மேசையைத் தட்டி, "விட்ட எடத்துலேர்ந்து வாசி" என்றார்.

இப்போது முகங்கள் தெரிந்துவிட்டன. டாக்டர் சுசீலாபாயை வாசித்தேன். தலைவரை வாசித்தேன். டாக்டர் அழகியநம்பி தன் முறை வந்ததும் தானாகவே இரண்டு கைகளையும் விரித்துக் காட்டிவிட்டு உட்கார்ந்தார். டாக்டர் குற்றாலலிங்கத்தை மறுபடி வாசித்தபோது முதலில் கிடைத்ததைவிடக் கைதட்டல் அதிகம். கடைசியில் இடது ஓரத்துக்கு வந்தேன்.

"டாக்டர் கோலப்பன். நாகர்கோவிலில் பிறந்தவர். எடின்பரோவில் கற்றவர். எலும்பு அறுவையில் நிபுணர்." காகிதத்தில் அதோடு முடிந்திருந்தது. எனக்கு என்ன தோன்றிற்றோ, "எண் எட்டு" என்று சேர்த்துச் சொன்னேன்.

அவர் எழுந்து, ஒரு கையில் உறையோடும் மறு கையில் கிழிசலோடும் கும்பிட்டார்.

அஞ்சரை மணிக் கூட்டம் ஆறு நிமிஷத்தில் முடிந்தது. சாம்பசிவன் வெளியே வந்து என்னிடம் ஏதோ சொன்னார். ஒன்றும் கேட்கவில்லை. பாக்கெட்டிலிருந்து பென்சிலை எடுத்து அழைப்பிதழின் பின்பக்கம் எழுதிக் காட்டினார்: "வேலையை ஸ்திரம் பண்ணியாச்சு. வீட்ல ஜாதகத்தை உள்ளே வைக்கச் சொல்லு."

அடுத்த செவ்வாய்க்கிழமை நர்ஸ் கையுறைகளைத் திருப்பிக் கொண்டுவந்தாள். டாக்டர் கோலப்பனின் ஜோடியை ஊதித் தண்ணீரில் அமுக்கினேன். குமிழி வரவில்லை. அதைச் சுற்றியிருந்த துணிக்குள் அவர் கையெழுத்தில் ஒரு சீட்டு இருந்தது.

"தொப்பியும் இறுக்குகிறது. கவனிக்கவும்."