கிளிப்பச்சை நூல்

மரம் அறுக்கும் மிஷின் ரம்பத்தை மடியில் வைத்துக்கொண்டு கோமு பைக்கின் பின்னால் உட்கார்ந்திருந்தாள். அம்பாசமுத்திரத்துப் பட்டறைக்குப் போய்வர நீ எதற்கு என்று கணவன் சிவசைலம் கிளம்பும்போதும் கேட்டான், ஆற்றுப்பாலம் தாண்டும்போதும் கேட்டான். அவன் கேட்டதாலேயே அவள் வந்தாள். ஒருவர் வரவேண்டாம் என்று சொல்லும் இடத்தில்தான் எதுவோ இருக்கிறது என்பது அவளுடைய எண்ணம்.

போன வாரம் தோப்பில் தென்னை அறுத்தபோது, விசையிலிருந்து விரலை எடுத்த பிறகும் செயின் நிற்காமல் ஓடி அவன் தொடைக்கு வந்துவிட்டது. பேண்டைக் கிழித்துத் தோலைச் சீவியதோடு போயிற்று. நாளைக் காலையில், ஆனிக் காற்றில் ஒரு வீட்டின் மேல் சாய்ந்து நிற்கும் வேப்பமரத்தில் இதே ரம்பத்தோடு அவன் ஏற வேண்டும். தரையில் நிற்கும்போதே தொடை வரை வந்தது, கயிற்றில் தொங்கும்போது எங்கே வரும்? அதை நினைத்து அவளுக்குத் தூக்கமில்லை.

யாரைச் சந்தேகப்படுவது என்பதில் மட்டும் அவளுக்குக் குழப்பம் இருக்கவில்லை. ரம்பத்தைப் போன வருஷம் புரட்டாசியில் விற்றவன் கொழுந்தன் குமரவேல். கெட்டுப்போனதை அண்ணன் தலையில் கட்டிவிட்டு மினிலாரி ஓட்டப் போய்விட்டான். காயத்துக்கு மருந்து போட்ட கையோடு அவனுக்குப் போன் செய்தாள்.

"ஒங்க அண்ணன் ஒத்தக் காலோட நிக்கதப் பாக்கணும்னா நேராவே சொல்லிருக்கலாம்லா தம்பி?"

அவன் மறுபேச்சு பேசவில்லை. குற்றமுள்ளவன் எப்படிப் பேசுவான் என்று நினைத்துக்கொண்டாள். சிவசைலமும் பக்கத்தில் காயக்கட்டையே பார்த்துக்கொண்டு சும்மா இருந்தான். தம்பி செய்த காரியத்தில் மனம் விட்டுப்போயிருக்கிறான் என்று எடுத்துக்கொண்டாள்.

அவளிடம் இன்னொரு சந்தேகமும் இருந்தது. வீட்டில் ஜாக்கெட் தைக்கிறவள் அவள். ஒரு பட்டுச்சேலைக்காகப் போன மாதம் வைகாசியில் திருநெல்வேலி முழுக்க அலைந்து வாங்கிய கிளிப்பச்சை நூல்கண்டு, அடுத்த தெரு சித்ரலேகா அளவு கொடுக்க வந்துபோன பிறகு பெட்டியில் இல்லை. கோமு கேட்கவில்லை. அவளோடு பேச்சை மட்டும் குறைத்துக்கொண்டாள்.

பட்டறையில் மெக்கானிக் அசன் முகம்மது ரம்பத்தை முடுக்கி, ரேஸ் கொடுத்து விரலை எடுத்தார். சத்தம் இறங்குவதற்குப் பதிலாகத் தானே ஏறியது. செயின் நிற்கவில்லை. மூடியைக் கழற்றி, சோப்புத்தண்ணீரைக் கார்பரேட்டருக்குப் பின்னால் பீய்ச்சினார். சத்தம் சட்டென்று அமுங்கி, மறுபடி ஏறியது.

"கார்பரேட்டர் வழியா போவ வேண்டிய காத்து வேற எங்கனயோ பூந்து போவுது. அதான் ரேஸ் எறங்க மாட்டேங்கு. தண்ணி ஓட்டைய அடைக்கையில மட்டும் அமுங்குது" என்றார்.

சிவசைலம் தெருவைப் பார்த்தான். அசன் முகம்மது சிவசைலத்தைப் பார்த்தார். பிறகு, எதிர்க்கடையில் டீ நன்றாக இருக்கும், குடித்துவிட்டு வரலாமே என்று கோமுவிடம் சொன்னார். அவள் ஸ்டூலை இன்னும் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

கார்பரேட்டரையும் இன்ஜினையும் சேர்க்கும் கறுப்பு ரப்பர் குழாய் வெளியே வந்தது. அதன் கழுத்தில் பசை அப்பியிருந்தது. கத்தியால் சுரண்டச் சுரண்ட, உள்ளே இறுக்கிச் சுற்றிய நூல் தெரிந்தது. எண்ணெய் படிந்திருந்தாலும் அந்த நிறத்தை அவள் இருட்டிலும் சொல்வாள்.

முதலில் சித்ரலேகாவின் முகம் வந்தது, கூடவே வெட்கமும் வந்தது. குமரவேல் விற்றது புரட்டாசியில். நூல் வாங்கியதோ அதற்கப்புறம், இந்த வைகாசியில்.

"ஸ்குரூடிரைவர வச்சு நெம்பிருக்காங்க, கிழிஞ்சிட்டு. பெட்ரோல்ல பசை எங்க நிக்கும்" என்றார் அசன் முகம்மது, யாரையும் பார்க்காமல்.

"கிளீன் பண்ணலாம்னு கழத்துனேன்" என்றான் சிவசைலம்.

புது ரப்பர் மாட்டி முடுக்கியபோது, விரலை எடுத்ததும் செயின் நின்றது. தண்ணீர் பீய்ச்சியும் சத்தம் அசையவில்லை. இன்னொரு தடவை பீய்ச்சச் சொன்னாள். அவர் பீய்ச்சினார்.

வெளியே வந்ததும் குமரவேலைக் கூப்பிட்டு, ரப்பரைக் கிழித்தது உன் அண்ணன்தான் என்றாள்.

"தெரியும் மைனி. அண்ணன் அன்னைக்கே சொல்லிட்டான்."

"பொறவு ஏன் நான் ஏசும்போது வாய மூடிட்டு இருந்தீய?"

"நீங்க என்னைய ஏசுனா போனோட போயிரும். அவன்னா வீட்டுக்குள்ளயே கெடந்து கேக்கணும்லா."

அவன் சிரித்தான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. ஓடுகிற செயினைவிட அவள் வாய்க்கு ஒருவன் பயந்தான் என்றால் அவள் எப்படிப்பட்டவள்? உண்மையிலேயே பயம்தானா, அல்லது பழியை அவள் வாய்மேல் போடுவது இரண்டு பேருக்கும் சௌகரியமா? இந்தப் பதிலையும் அவர்கள் முன்னாலேயே பேசி வைத்திருக்கலாம். திரும்பும் வழி முழுக்க சிவசைலத்தின் முதுகையே பார்த்துக்கொண்டு வந்தாள். முதுகில் ஒன்றும் தெரியவில்லை.

மறுநாள் காலையில், இஸ்திரி போடும்போது துணியில் தெளிக்கும் பாட்டிலில் சோப்புத்தண்ணீர் கலந்து வாசலுக்கு வந்தாள். சிவசைலத்தை ரம்பத்தை முடுக்கச் சொன்னாள். மூடியைக் கழற்றச் சொல்லி, நேற்றுப் பார்த்த இடத்தில் பீய்ச்சினாள். சத்தம் ஒரே சீராக இருந்தது. செயின் அசையவில்லை.

"இப்ப நம்பிக்க வந்திட்டா?" என்று சத்தத்துக்கு மேல் கத்தினான்.

"ரம்பத்து மேல வந்திட்டு" என்றாள். பிறகு கேட்டாள்: "எங்கிட்ட சொல்லாதது வேற என்னமும் இருக்கா?"

அவன் வாய் அசைந்தது. இல்லை என்று சொன்னது போலத்தான் இருந்தது. ஆனால் இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது, குரலைக் கேட்க முடியவில்லை. அவள் ரம்பத்தை அணைக்கச் சொன்னாள். தெரு அமைதியான பிறகு, அதே கேள்வியைப் பைய மறுபடியும் கேட்டாள்.