பன்னிரண்டு படி வாடகை

கடலுக்கடியில் எண்ணெய் கிடைத்த மறு வருஷமே, எங்கள் பாட்டன்மார் கரும்பு வெட்டக் கப்பலேறி வந்த ஜார்ஜ்டவுனில் வாடகை வீடுகள் வாடகையோடு சேர்ந்து உயர ஆரம்பித்தன. எங்கள் ஊர் கடலைவிடத் தாழ்வாகக் கிடப்பதால் வீடுகள் எல்லாம் மரக்கால்களின் மேல்தான் நிற்கும். அந்தக் கால்கள்தான் வளர்ந்தன. எங்கள் நாட்டு டாலரில் மாதம் ஐயாயிரம் கூட்டினால் இரண்டு படி உயரம். சொந்தக்காரர்களே குடியிருந்த வீடுகள் இருந்த உயரத்திலேயே நின்றன. பயற்றங்காய் ஒரு கட்டு இருநூறிலிருந்து எண்ணூறுக்குப் போனதைப் பேசிய அளவுக்குக்கூட இதை யாரும் பேசவில்லை. கரும்பு வெட்டியவர்கள் துறைமுகத்துக்குப் போனார்கள். கணக்கு வாத்தியார் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுப் படிக்கட்டு செய்யும் தச்சரானார், மூன்றே மாதத்தில் கார் வாங்கினார். எண்ணெய்க் கம்பெனி அதிகாரிகளின் வீடுகளுக்குக் காலையில் அனுப்பிய ரொட்டி மேலே போய்ச் சேர்வதற்குள் காய்ந்துபோனது. அவர்கள் குறை சொல்லாமல் அதையும் தின்றார்கள்.

கிட்டிப் பேட்டையில் டோரீன் வீராசாமிக்கு ஒரே மனையில் இரண்டு வீடு. ஒன்றில் அவள் தனியாக இருந்தாள். மற்றதில் பள்ளிச் சீருடை தைக்கும் வேவ்னி இருபத்திரண்டு வருஷமாகக் குடியிருந்தாள். இரண்டுக்கும் பன்னிரண்டு படி, வேவ்னி கட்டிய வாடகை மாதம் முப்பதாயிரம். சமையலறை ஜன்னல்கள் எதிரெதிரே இருந்ததால் கையை நீட்டினால் கிண்ணம் மாறும். டோரீனின் மாங்காய் மிளகாய்ச் சாறு அந்தப் பக்கம் போகும், வேவ்னியின் தேங்காய்ப்பால் கிழங்கு இந்தப் பக்கம் வரும். ஊர்வம்பு இரண்டு பக்கமும் போய்வரும். புருஷன் செத்த பிறகு டோரீனுக்கு வாய்திறந்து பேச இருந்த ஒரே ஆள் வேவ்னிதான்.

ஊரே ஏற்றுகிறது, நான் மட்டும் இளிச்சவாயா என்று டோரீனும் ஏற்றினாள். ஏற்றி ஏற்றி, இரண்டு வருஷத்தில் வேவ்னியின் வீடு அறுபது படிக்குப் போய்விட்டது. கிண்ணத்தைக் கயிற்றில் கட்டித்தான் இறக்க வேண்டியிருந்தது. அளவு கொடுக்கப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அறுபது படி ஏற எந்தத் தாய்க்கும் மனசில்லை, பாதி வாடிக்கை போயிற்று. பகலிரவாகத் தைத்து வாடகையைக் கட்டினாளே தவிர, குறைக்கச் சொல்லி வேவ்னி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவள் கேட்டால் குறைக்கலாம் என்று டோரீனும் காத்திருந்தாள். வீம்பில் ஒருத்திக்கொருத்தி சளைத்தவளில்லை.

அந்த நேரத்தில்தான் கம்பெனித் தரகன் ஒருவன் வந்து மாதம் மூவாயிரம் அமெரிக்க டாலர் தருவதாகச் சொன்னான். இருநூற்றைம்பது படியானாலும் அவனுக்குச் சம்மதம். சும்மா கூப்பிட்டால் மேலே கேட்காது என்பதால் டோரீன் போனில் பேசினாள்.

"வேவ்னி, கம்பெனிக்காரன் வீட்டைக் கேக்குறாண்டி. நான் என்ன சொல்லட்டும்?"

"சரின்னு சொல்லுங்கக்கா. நான் லிண்டன்ல தம்பி வீட்டுக்குப் போயிடுறேன். புதுசா வர்றவங்களுக்கு உங்க மிளகாய்ச் சாறு ஒத்துக்குமான்னு மட்டும் கேட்டு வைங்க."

மறுநாள் தையல் மெஷினைப் போர்வையில் சுற்றித் தரையில் இழுக்கும் சத்தம் கீழே வரைக்கும் கேட்டது. டோரீனுக்குச் சோறு இறங்கவில்லை. எழுந்து முற்றத்துக்கு வந்து, அண்ணாந்து, தெருவே கேட்கக் கத்தினாள்.

"நீ போயிட்டா நான் செவுத்தோடயா பேசுறது? வாடகையே வேணாம்டி. ஒரு காசு வேணாம். இறங்கி வா."

அவள் வாயை மூடுவதற்குள் வீடு இறங்க ஆரம்பித்தது. மாடு படுப்பதுபோல முன்கால் முதலில், பின்கால் பிறகு. அடியில் இருந்த கோழிகள் தப்பித்துக்கொண்டன, கயிற்று ஊஞ்சல் மட்டும் நசுங்கியது. வீடு தரையோடு தரையாக உட்கார்ந்தது. வேவ்னி ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, டோரீனின் ஜன்னலை இப்போது அவள் அண்ணாந்து பார்த்தாள். இரண்டு பேரும் அழுதார்கள், பிறகு கிழங்கு சாப்பிட்டார்கள்.

அந்த வாரமே பெரிய ஓதம். கடல் வாய்க்கால் வழியாக ஏறி வேவ்னியின் அடுப்படிக்குள் வந்து, தைத்து வைத்த சீருடைகளை நனைத்துவிட்டது. அவள் கட்டில்மேல் காலை மடக்கி உட்கார்ந்துகொண்டு கூப்பிட்டாள்.

"அக்கா, உங்க பாசத்துல என் வீடு மிதக்குது. ஏதாவது வாங்கித் தொலைங்க."

"உங்கிட்ட காசு வாங்கினா எனக்குச் சோறு இறங்காது."

"அப்ப நான் மீனோடதான் குடும்பம் நடத்தணும்."

"சரி, அஞ்சாயிரம் குடு."

வீடு இரண்டு படி ஏறியது.

"பத்தாதுக்கா. இன்னும் தண்ணி உள்ள வருது."

கூட்டச் சொல்லிக் குடித்தனக்காரி மன்றாட, வீட்டுக்காரி முடியவே முடியாது என்று மறுத்த பேரம் எங்கள் தெருவில் அதுதான் முதல் தடவை. முப்பதாயிரத்தில், இரண்டு பேரும் ஜன்னலில் ஊன்றியிருந்த முழங்கைகள் நேருக்கு நேர் வந்தன. டோரீன் கிண்ணத்தை நீட்டினாள்.

தரகன் வேறு வீடு பார்த்துக்கொண்டான். அதன் கூரை மழைக்காலத்தில் எங்களுக்குத் தெரிவதில்லை. சுற்றிலும் அப்படிப்பட்ட வீடுகள் நிற்க, நடுவில் இந்த இரண்டும் பன்னிரண்டு படியில் நிற்கின்றன. இப்போதும் சண்டை வந்தால் டோரீன் வாடகையில் இரண்டாயிரம் கூட்டிவிடுவாள், வேவ்னியின் ஜன்னல் ஒரு சாண் மேலே போய்விடும். மறுபடி சாப்பாட்டு வேளைக்குள் இறங்கிவிடும்.