மூன்றாவது லொறி

நிஹ்லா சொன்னது ஒரு சின்னப் பொய். அதையும் வாயால் சொல்லவில்லை, ஆணியால் கீறினாள்.

கொட்டாஞ்சேனையில் எழும்பிக்கொண்டிருந்த அந்தப் பள்ளிக்கூடக் கட்டடத்துக்கு அவள் பயிற்சிக்கு வந்து மூன்று மாதம். டிப்ளோமாவின் கடைசி வருடம். ஆறு மாதம் ஏதாவது ஒரு சைட்டில் வேலை பழகி, அங்குள்ள இஞ்சினியரிடம் சேர்ட்டிபிக்கட் வாங்கினால்தான் பாஸ். பயிற்சிக்கு வந்த பிள்ளைக்கு என்ன வேலை கொடுப்பார்கள்? மற்ற யாரும் எட்டிப் பார்க்காத வேலையைத்தான். அவளுக்குக் கிடைத்தது கியூப் எடுக்கிற வேலை. ஸ்லப், அதாவது மாடித் தளம், போடுகிற நாளில் கொங்கிறீட் லொறிகள் வரும். ஒவ்வொரு லொறியிலும் கொஞ்சம் எடுத்து ஆறு இரும்புப் பெட்டிகளில் நிரப்ப வேண்டும். இறுகியதும் கழற்றித் தண்ணீரில் ஊறவைத்து, ஏழாம் நாள் மூன்றைப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். அங்கே அவற்றை நசுக்கிப் பார்த்து, எவ்வளவு பாரம் தாங்கும் என்று எழுதித் தருவார்கள். தலைக்கு மேலே கிடக்கிற ஸ்லப்புக்கு அந்தக் கட்டிகள்தான் சாட்சி.

முதலாம் மாடி ஸ்லப் போட்ட திங்கட்கிழமை மூன்று லொறிகள் வர வேண்டியிருந்தது. இரண்டு வந்துவிட்டன. மூன்றாவது ஒருகொடவத்தைச் சந்தியில் கொண்டெய்னர் வண்டிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டது. அன்று பார்த்து, பயிற்சி எப்படி நடக்கிறது என்று பார்க்கக் கல்லூரியிலிருந்து லெக்சரர் வருவதாக இருந்தது. பதினெட்டுப் பெட்டியும் நிரப்பி, துடைத்து, வரிசையாக இருப்பதை அவர் பார்க்க வேண்டும் என்று நிஹ்லாவுக்கு ஆசை. ஒரே கொம்பனி, ஒரே கலவை, எந்த லொறியில் எடுத்தால் என்ன? இரண்டாவது லொறியின் மிச்சத்தை அள்ளிக் கடைசி ஆறு பெட்டியையும் நிரப்பி, மேலே ஆணியால் "3" என்று கீறிவிட்டாள். லெக்சரர் வந்தார், பார்த்தார், "வெரி நீட்" என்றார். நிஹ்லாவுக்குத் தலைகால் புரியவில்லை.

அவர் போன பிறகுதான் மூன்றாவது லொறி வந்தது. மூன்று மணித்தியாலத்துக்கு மேல் வெயிலில் நின்ற கொங்கிறீட் இறுகத் தொடங்கியிருந்தது, இறங்க மறுத்தது. டிரைவர் யாரையும் கேட்கவில்லை. ஹோஸ் பைப்பை இழுத்து லொறியின் டிரம்முக்குள் விட்டுவிட்டு ஒரு சிகரெட்டைப் பற்றவைத்தான். அந்தச் சிகரெட் முடியுமட்டும் தண்ணீர் ஓடியது. பிறகு கொங்கிறீட் கஞ்சி மாதிரி இறங்கி, படிக்கட்டுப் பக்கத்து அறைக்கு மேலே போய்ப் பரவியது. கீழே அந்த அறைதான் நேர்சரி வகுப்பு. சிமெந்தில் தண்ணீர் கூடினால் பலம் குறையும் என்பது முதல் வருடப் பாடம். நிஹ்லா தன் பெட்டிகளைத் திரும்பிப் பார்த்தாள். "3" என்று கீறிய பெட்டிகள் வரிசையாக, நீட்டாக, அவளைப் பார்த்துக்கொண்டு இருந்தன.

அப்போதே போய்ச் சொல்லியிருக்கலாம். இஞ்சினியர் சவுந்தரநாயகம் பத்தடி தள்ளித்தான் நின்றார். ஆனால் அவர் போனில் யாரையோ திட்டிக்கொண்டிருந்தார். அவர் திட்டும்போது கிட்டப் போகிற துணிவு சைட்டில் ஒருவருக்கும் கிடையாது. நாளைக்குச் சொல்வோம் என்று நினைத்தாள். பயந்தவர்களுக்கு நாளை என்பது எவ்வளவு வசதியான நாள்!

செவ்வாய் போனது, புதன் போனது. வியாழன் இரவு அவளுக்கு ஒரு யோசனை வந்தது. பயிற்சி மாணவர்கள் அன்றன்று செய்த வேலையை ஒரு டயறியில் எழுத வேண்டும். வெள்ளிக்கிழமை அதில் இஞ்சினியர் கையெழுத்து வைப்பார். திங்கட்கிழமைப் பக்கத்தின் அடியில் மிச்சமிருந்த இடத்தில் அவள் இரண்டு வரி எழுதினாள்: "மூன்றாவது லொறியின் கியூப்கள் உண்மையில் இரண்டாவது லொறியில் எடுத்தவை. மூன்றாவது லொறியில் தண்ணீர் சேர்த்தார்கள்." அவர் வாசிப்பார், கத்துவார், விஷயம் முடிந்துவிடும். அவள் வாயைத் திறக்கவே தேவையில்லை.

வெள்ளிக்கிழமை சவுந்தரநாயகம் போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு ஐந்து பக்கத்துக்கும் கையெழுத்து வைத்தார். ஒரு பக்கத்தைக்கூட வாசிக்கவில்லை. திங்கட்கிழமைப் பக்கத்தில் அவருடைய கையெழுத்தின் நீண்ட வால் அந்த இரண்டு வரிக்கும் மேலாலேயே ஓடியது. நிஹ்லாவுக்கு முதலில் வந்தது நிம்மதி. தனக்கு நிம்மதி வந்ததே என்று பிறகு அருவருப்பாக இருந்தது.

அடுத்த திங்கள் ரிசல்ட் வந்தது. மூன்று என்று கீறிய கட்டிகள்தான் எல்லாவற்றையும்விட உறுதி. முப்பத்தெட்டு. இருபத்தைந்து வந்தாலே போதும்.

"மூண்டாவது லொறிதான் திறமா வந்திருக்கு" என்றார் சவுந்தரநாயகம். அவர் சிரித்து அவள் பார்த்தது அன்றுதான். "பிள்ளை, கியூப் வடிவா எடுத்திருக்கிறீர். வியாழக்கிழமை ஜக்கெல்லாம் கழட்டுவம். ஞாயிற்றுக்கிழமைக்கு முதல் அந்த ரூமுக்கு டைல்ஸ் பதிக்கோணும்."

ஸ்லப் இறுகும்வரை அதைக் கீழிருந்து தாங்குகிற இரும்பு முட்டுகளைத்தான் ஜக் என்பார்கள். மற்ற நேரமென்றால் இன்னும் பத்து நாளாவது விட்டிருப்பார். ஆனால் கட்டடம் கட்டுகிற கொம்பனிக்குப் பள்ளிக்கூடத்தைவிட அதன் பின்னால் எழும்புகிற தொடர்மாடி வீடுகள்தான் முக்கியம். "பள்ளிக்கூடமும் வீடும் ஒரே மதிலுக்குள்" என்று வெள்ளவத்தையில் பெரிய போர்ட் வைத்திருந்தார்கள். வீடு வாங்க விரும்புகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகுட்டியோடு பார்க்க வருகிறார்கள்.

நிஹ்லாவுடன் படிக்கிற கிஷாந்த் அந்தக் கொம்பனியின் வெள்ளவத்தை ஒபிசில்தான் பயிற்சியில் இருந்தான். அவனுக்குப் போன் எடுத்து எல்லாவற்றையும் சொன்னாள்.

"உமக்கென்ன விசரே?" என்றான் அவன். "சேஃப்டி ஃபெக்டர் எண்டு ஒண்டை எதுக்கு வச்சிருக்கினம்? எல்லாம் தேவைக்கு மேல பலமாத்தானே கட்டுறது, ஒண்டும் நடக்காது. இப்ப வாயைத் திறந்தீரெண்டால் சேர்ட்டிபிக்கட்டும் இல்லை, டிப்ளோமாவும் இல்லை. மூண்டு வருஷம் தண்ணியில போகும்."

"ஞாயித்துக்கிழம எத்தின பேர் வாறாங்க?"

"நாப்பது குடும்பம். நான்தான் சுத்திக் காட்டப்போறன்."

"அப்ப அந்தப் படிக்கட்டுப் பக்கத்து ரூமுக்கு மட்டும் அவங்கள கூட்டிப் போவாதீங்க."

"அது நேர்சரியெல்லே நிஹ்லா" என்றான் கிஷாந்த். "அதைத்தான் முதல் காட்டச் சொல்லியிருக்கினம்."

வியாழக்கிழமை காலை கிராண்ட்பாஸ் வீட்டில் உம்மா வைத்த பாணையும் சம்பலையும் அவள் தொடாமலே எழும்பினாள். சைட்டுக்கு வந்தபோது சப்ரி நானா வேலையைத் தொடங்கியிருந்தார். ஜக் வைப்பதும் கழற்றுவதும் அவருடைய பொறுப்பு. அவரும் கிராண்ட்பாஸ்காரர்தான், அங்கே அண்ணனை நானா என்பார்கள். அவளை மகள் என்றுதான் கூப்பிடுவார். சைட்டில் அவளுக்கென்று ஒரு கோப்பை பிளேன்டீயை எடுத்து மூடி வைக்கிறவர் அவர் ஒருவர்தான். அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. எந்த ஜக்கையும் தளர்த்துவதற்கு முன்னம் அதன் திருகில் சோக்கால் ஒரு வெள்ளைக் கோடு போடுவார். எதற்கு என்று அவள் ஒரு தரம் கேட்டிருக்கிறாள்.

"திரும்ப வெக்கச் சொன்னா ஒசரம் தெரியணுமே மகள்."

"அப்பிடித் திரும்ப வெச்சீக்கிறீங்களா நானா?"

"இருவது வருஷத்துல ஒரு நாளும் இல்ல" என்று சிரித்தார் அவர்.

முதல் லொறிக் கொங்கிறீட் போட்ட பக்கம் முடிந்தது. இரண்டாவதும் முடிந்தது. கழற்றிய ஜக்குகள் நிலத்தில் விழும் ஒவ்வொரு சத்தத்தையும் நிஹ்லா எண்ணிக்கொண்டிருந்தாள். பத்தரை மணிக்குச் சப்ரி நானா சுத்தியலை எடுத்துக்கொண்டு நேர்சரி அறைக்குள் போனார். மேலே அதே மூலையில் சுவர் கட்டுவதற்கு நூற்றுக்கணக்கில் பிளொக் கல் அடுக்கியிருந்தது அவளுக்குத் தெரியும்.

அவள் வாசலில் நின்றாள். உள்ளே போகவும் முடியவில்லை, விலகிப் போகவும் முடியவில்லை. அவர் அறையின் நடுவிலிருந்து தொடங்கினார். கோடு போட்டார், தட்டினார், திருகினார், ஒன்றைக் கழற்றினார். பிறகு இரண்டாவது, மூன்றாவது. சேஃப்டி ஃபெக்டர், சேஃப்டி ஃபெக்டர் என்று நிஹ்லா தொழுகைக்குப் பிறகு ஓதுகிற திக்ரு மாதிரி வாய்க்குள் சொல்லிக்கொண்டாள். நாலாவது ஜக் கழன்றபோது மேலேயிருந்து கொஞ்சம் தூசு விழுந்தது. சப்ரி நானா தொப்பியில் விழுந்ததைத் தட்டிவிட்டு ஐந்தாவதுக்குக் கையை நீட்டினார்.

"நானா, வெளிய வாங்க!"

அது தன்னுடைய குரல் என்று அவளுக்கே தெரியவில்லை. அப்படி ஒரு கத்தல். "வாங்க நானா, அல்லாவுக்காக வெளிய வாங்க!"

சப்ரி நானா சுத்தியலைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். கத்தலைக் கேட்டு மேலே நின்ற சவுந்தரநாயகமும் இறங்கி வந்தார். "என்ன, பாம்போ?" என்று கேட்டார்.

நிஹ்லா சொன்னாள். கண்ணீரும் மூக்குமாக, முன்னதைப் பின்னுக்கும் பின்னதை முன்னுக்குமாகச் சொன்னாள். லொறி, தண்ணீர், பெட்டி, ஆணி, லெக்சரர். சவுந்தரநாயகத்தின் முகம் முதலில் சிவந்தது.

"பத்து நாளா வாய்க்குள்ள என்ன வச்சிருந்தனீர்? எனக்கேன் சொல்லேல்லை?"

அவள் பையிலிருந்து டயறியை எடுத்து, அந்தப் பக்கத்தைத் திறந்து நீட்டினாள். அவர் பார்த்தார். இரண்டு வரியையும், அதற்கு மேலால் ஓடுகிற தன்னுடைய கையெழுத்தையும் பார்த்தார். சிவந்த முகம் வெளுத்தது. டயறியை மூடித் தன் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

"நான் உமக்குப் புது டயறி ஒண்டு தாறன்" என்றார் குரலைத் தாழ்த்தி. "முதல்ல இருந்து திருப்பி எழுதும். கியூப் முப்பத்தெட்டு வந்திருக்கு, அதுதான் ரிப்போட். நாலு ஜக் கழட்டியாச்சு, ஏதும் நடந்ததோ? சப்ரி, மிச்சத்தைக் கழட்டும்."

"சேர், அது அந்த லொறிட கியூப் இல்ல சேர்" என்றாள் நிஹ்லா. இப்போது அவளுக்கு ஸ்லப்பைவிட இவரைப் பார்க்கத்தான் பயமாக இருந்தது.

சப்ரி நானா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "கழட்டுறதப் பத்திப் பொறகு கதைப்பம் சேர்" என்றார். "மொதல்ல அந்த நாலையும் இருந்த எடத்துல வெச்சிட்டு வாறன்."

"போவாதீங்க நானா!"

"வெக்காம வுட்டா யாருட தலைல விழும் மகள்?" என்றுவிட்டு அவர் உள்ளே போனார்.

அந்த இரண்டு மூன்று நிமிடங்களை நிஹ்லா எப்படித் தாண்டினாள் என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது. தன் ஆசைக்கு நிரப்பிய ஆறு பெட்டி, இப்போது ஒரு மனுசனை அந்த ஸ்லப்பின் கீழே இரண்டாம் தரமும் அனுப்பியிருக்கிறது. அவர் நாலாவதாகக் கழற்றிய ஜக்கைத் தூக்கி, சோக் கோட்டு உயரத்துக்கே திருகி, நிமிர்த்தினார். அது நேராக நிற்கவில்லை. தலை மேலே முட்டிச் சரிந்து நின்றது. அவர் அதை இறக்கிவிட்டு மூன்றாவதாகக் கழற்றியதை எடுத்து நிமிர்த்தினார். அதுவும் முட்டியது.

"சேர்" என்று உள்ளேயிருந்து கூப்பிட்டார். குரல் மெதுவாகத்தான் வந்தது. "கோட்டுக்குப் போவுதில்ல சேர்."

சவுந்தரநாயகம் வாசல்வரை போனார், அதற்கு மேல் போகவில்லை. சப்ரி நானா திருகை இறக்கினார், இன்னும் இறக்கினார். பிறகுதான் ஜக் உள்ளே போய் நேராக நின்றது. சோக் கோட்டுக்கும் திருகு இப்போது நிற்கிற இடத்துக்கும் நடுவில் விரலை வைத்து அளந்து, அப்படியே கையைத் தூக்கி வாசல் பக்கம் காட்டினார். ஒரு அங்குலத்துக்கும் மேலே. அரை மணித்தியாலம்கூட ஆகவில்லை, ஸ்லப் அவ்வளவு இறங்கியிருந்தது.

சவுந்தரநாயகம் கத்தத் தொடங்கினார். ஆனால் இந்த முறை யாரையும் திட்டவில்லை. மேலே உள்ள பிளொக் கல்லை அப்புறப்படுத்தச் சொன்னார், மற்ற எல்லோரையும் வெளியே போகச் சொன்னார், ஸ்டோரில் இருக்கிற அத்தனை ஜக்கையும் கொண்டுவரச் சொன்னார். நிஹ்லா கியூப் ஊறுகிற தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்தாள். தொட்டிக்குள் இருபத்தெட்டாம் நாளுக்காக வைத்த மிச்சக் கட்டிகள் கிடந்தன. மூன்றில் "3" என்று அவளுடைய கையெழுத்து.

பகல் ஒரு மணியளவில் சவுந்தரநாயகம் அவளிடம் வந்தார். சேர்ட் முழுக்க நனைந்திருந்தது. டயறி இன்னும் கக்கத்திலேயே இருந்தது. அதை எடுத்துத் திறந்தபோது கிழிக்கப்போகிறார் என்றுதான் அவள் நினைத்தாள். அவர் விரலை வைத்து அந்த இரண்டு வரியையும் வாசித்தார். முடித்துவிட்டுத் திரும்பவும் வாசித்தார்.

"நீர் செய்தது பெரிய பிழை" என்றார். "என்ர பிழையும் இருக்கு. ஹெட் ஒபிசுக்கு அறிவிச்சிட்டன், நாளைக்கு வருகினம்."

டயறியை அவளிடம் நீட்டினார். அவள் வாங்கக் கை வைத்தும் அவர் விடவில்லை.

"இதை அவையளிட்டக் குடும். என்ர கையில மட்டும் தராதையும் பிள்ளை" என்றார். "நான் கேட்டாலும் தராதையும்."

பிறகுதான் விட்டார். நிஹ்லா டயறியைப் பைக்குள் வைத்து சிப்பை இழுத்து மூடி, பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டாள். சேர்ட்டிபிக்கட்டைப் பற்றி அவள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. உள்ளே சப்ரி நானா, வைத்து முடித்த ஜக்குகளில் ஒவ்வொன்றாகப் புதுக் கோடு போட்டுக்கொண்டு வந்தார்.