இருபதாவது துவைப்பு

...இன்னும் முப்பத்தெட்டு நிமிடம், பார்த்துக்கொண்டே இருந்தால் மட்டும் சீக்கிரம் முடிந்துவிடுமா, முடியாது, ஆனாலும் ஸ்டூலை இழுத்துப் போட்டு வாஷிங் மெஷின் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன், வட்டக் கண்ணாடிக்குள் அந்த ஒற்றைப் பனியன் ஏறுகிறது, விழுகிறது, ஏறுகிறது... இருபதாவது துவைப்பு. இதைத் தாங்கிவிட்டால் இன்று டெல்லியிலிருந்து வரும் குழு இரண்டாம் கட்ட நிதிக்குச் சம்மதித்துவிடும். தாங்காவிட்டால் பெங்களூரில் என் ஆய்வகத்துப் பிள்ளைகள் ஆறு பேருக்கும் மார்ச்சோடு வேலை இல்லை, ஆறு பேருமே வெளிநாட்டுக்கு விண்ணப்பம் எழுதி வைத்திருக்கிறார்கள், எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டு. பனியனின் நெஞ்சில் வெள்ளி நானோ கம்பிகள், தலைமுடியை ஆயிரமாகப் பிளந்தால் வரும் கனம், அதை மையாக்கிக் கோடு கோடாக அச்சடித்திருக்கிறோம், போட்டுக்கொள்பவரின் இதயத்துடிப்பை அந்தக் கோடுகள் சொல்லும். ஒரு சின்ன பாட்டில் மைக்கு நான்கு மாதம் கப்பலைப் பார்த்துக் காத்திருந்தது போய், இப்போது நாமே காய்ச்சுகிறோம், நம் ஊர்த் துணியில் நாமே... சரி, பெருமை அப்புறம், முதலில் இது வெளியே வரட்டும்.

இந்த மெஷின்கூட என்னுடையதல்ல. சாயப்பட்டறை அளவு பெரிய மெஷின் வேண்டாம், வீட்டில் துவைப்பதுபோல் துவைக்க வேண்டும் என்று நான் சொன்ன மறுநாளே, இந்தப் பனியன் கம்பெனி முதலாளி மகுடேஸ்வரன் தன் வீட்டு மெஷினை டெம்போவில் ஏற்றிக் கொண்டுவந்துவிட்டார். “ஏனுங்க மேடம், உங்க ஆராய்ச்சி எப்பங்க முடியும்? ஊட்டுல பத்து நாளா கையிலதான் தொவைக்கறாங்க, என்னைய உள்ளாரயே உட மாட்டீங்கறாங்க” என்று காலையில்கூடச் சிரித்தார். ஆர்டர் நெருக்கும் மாதத்தில் ஒரு மேஜையையும் இரண்டு ஆட்களையும் எனக்காக ஒதுக்கியவர். நான் கை கூப்பினால், “அட நீங்க ஒண்ணுங்க” என்று நகர்ந்துவிடுவார்... இப்படி ஒரு மனிதர் கிடைக்க நான் என்ன செய்தேன்? பல்லடம் ரோட்டில் எத்தனை கம்பெனி ஏறி இறங்கினேன், ‘நானோவா, அந்தக் காரைத்தான் நிறுத்திட்டாங்களே’ என்று கேட்டவர்கள் எத்தனை பேர்... இன்னும் இருபத்தொரு நிமிடம்.

எட்டு மாதம், பெங்களூரிலும் இங்குமாக. மூன்றாவது துவைப்பிலேயே கோடுகள் விட்டுப்போகும், உடனே மையைக் குற்றம் சொல்வோம், ஏழு முறை மையை மாற்றினோம், ராத்தூக்கம் போனது, நான் முனைவர் பட்டம் வாங்கியதே தப்போ என்றுகூட... கடைசியில் கட்டிங் டேபிளில் துணி விரிக்கும் முத்துப்பேச்சி, தேனிப் பக்கத்துப் பெண், என்னைவிடப் பதினைந்து வயது இளையவள், டீ டம்ளரோடு வந்து எட்டிப் பார்த்தாள். “ஏன் மேடம், ரோல்ல இருந்து உருவுன துணியில அப்படியே அச்சடிச்சுப்புட்டீகளா? எங்க மாஸ்டர் பார்த்தாருன்னா கத்திரியாலயே மொத்துவாரு. துணி தூங்கி எந்திரிக்க வேணாமா?” எனக்குப் புரியவில்லை. அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். பின்னல் துணியை இழுத்துத்தான் ரோலில் சுற்றுவார்கள், பிரித்து விரித்து ஒரு நாள் விட்டால் தானாகச் சுருங்கித் தன் அளவுக்கு வரும், அதற்குமுன் யாரும் கத்தரி வைக்க மாட்டார்கள். இங்கே நேற்று வேலைக்குச் சேர்ந்தவருக்கும் இது தெரியும். நாங்கள் இழுத்து வைத்த துணியில் கோடு போட்டிருக்கிறோம், தண்ணீர் பட்டதும் துணி சுருங்கியது, கோடு நொறுங்கியது. மை பாவம், அது என்ன செய்யும்? மறுநாள் தூங்கி எழுந்த துணியில் அச்சடித்தோம், முதலில் போட்ட அதே பழைய மைதான்... பத்து துவைப்பு, பதினைந்து, பத்தொன்பது... ஐயோ, நின்றுவிட்டது, கதவு திறக்க ஏன் இவ்வளவு நேரம்?

முத்துப்பேச்சிதான் பனியனை வாங்கி, பிழியாமல், தட்டையாக விரித்து, அயர்ன் பாக்ஸை மேலாகக் காட்டி ஈரம் வாங்கினாள். மீட்டரின் இரண்டு முனைகளையும் கோட்டின் இரு நுனியிலும் வைத்தேன். மின்தடை நூறு ஓம் தாண்டக் கூடாது. எழுபது... அறுபத்தாறு... அறுபத்து நான்கில் நின்றது. மறுபடி வைத்தேன். அறுபத்து நான்கு.

“பாஸா மேடம்?”

“பாஸ்.”

“அப்ப முதலாளி வீட்டு மெஷினத் திருப்பிக் குடுத்துருங்க, அந்தம்மா சாபம் நமக்கு வேணாம்.”

சிரித்தேன், கண்ணும் நிறைந்தது, எல்லாருக்கும் நன்றி சொல்ல வேண்டும்போல் இருந்தது, மகுடேஸ்வரனுக்கு, இந்த மெஷினுக்கு, என் ஆறு பிள்ளைகளுக்கு... வாசலில் கார் வரும் சத்தம். தோற்றுப்போனால் குழுவிடம் என்ன சொல்வது என்று ஒரு வாரமாக மனப்பாடம் செய்திருந்தேன். ஜெயித்தால், ‘எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?’ என்று கேட்பார்களே, அதற்கு... துணியைத் தூங்கவிட்டு அச்சடிக்கும் முறைக்கு முந்தாநாள் அனுப்பிய காப்புரிமை விண்ணப்பம் ஞாபகம் வந்தது, அதன் நகல் என் பையில்தான் இருக்கிறது. கண்டுபிடித்தவர்கள் என்ற இடத்தில் மூன்று பெயர், மூன்றுக்கும் முன்னால் டாக்டர். தொழில் பங்குதாரர் என்ற இடத்தில் கம்பெனியின் பெயர். நான்காவதாக ஒரு கோடு காலியாகத்தான் இருந்தது, வேண்டுமென்று விடவில்லை, தோன்றவே இல்லை... அது எப்படித் தோன்றாமல் போகும்?

“முத்துப்பேச்சி, உன் இனிஷியல் என்ன?”

“எதுக்கு மேடம், போலீசுல புடிச்சுக் குடுக்கவா?” என்றாள், அடுத்த ரோலைத் தோளில் தூக்கிக்கொண்டே. “சோ. எங்கப்பா சோணைமுத்து.”

“மேடம், வந்துட்டாங்க, வாங்க” என்று மகுடேஸ்வரன் கூப்பிடுகிறார், நகலை மேஜையில் விரித்து வைத்துவிட்டு நான் இன்னும் பேனாவைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.