இருபத்தேழாம் அறையில் ஆள்

1

முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்: இந்தக் கதை திருட்டுச் சொத்து. உடைமைக்காரி என் நாத்தனார். போன ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தவள், சமையலறை மேடையில் சாய்ந்துகொண்டு, வேலையிடத்தில் நடந்த ஒன்றைச் சொன்னாள். கேட்கும்போதே நான் மனசுக்குள் வாக்கியம் கட்ட ஆரம்பித்துவிட்டேன். அவள் கண்டுபிடித்துவிட்டாள்.

“அண்ணி, உங்க மூஞ்சி மாறுது. எழுதப் போறீங்க.”

“பேர் போட மாட்டேன்.”

“பேர் கெடக்கட்டும். தப்பா எழுதாதீங்க. எழுதினதும் எங்கிட்ட காட்டணும்.”

காட்டினேன். இந்தக் கதையில் அங்கங்கே அடைப்புக்குறிகள் வருவது அதனால்தான்.

2

முதல் வரைவு இப்படித் தொடங்கியது:

‘அவள் ஏணியில் ஏறினாள். உயரே, இருளில், மனிதர்களின் ரகசியங்களைக் கேட்கப்போகும் ஒரு காதைப் பொருத்துவதற்காக—’

(“காதெல்லாம் கெடையாது அண்ணி. அது எதையும் கேக்காது. இருட்டும் இல்ல, காலைல பத்து மணி. ஏணி நாலடி.”)

இரண்டாவது:

‘கட்டடங்களைத் தாமே இயங்கச் செய்யும் தொழில்நுட்பம் இன்றைய வாழ்வின் இன்றியமையாத—’

(இதை நானே அடித்தேன். பள்ளிக்கூடக் கட்டுரைப் போட்டியில்கூட ஆறுதல் பரிசு தேறாது.)

ஆகவே நேராகவே சொல்கிறேன். நான்கு மாடி அலுவலகம் ஒன்று. மக்கள் இழப்பீடு கேட்டு மனுப் போடும் இடம். அதன் அறைகளில் நாற்பத்தொரு சென்சார்களை மாட்டினாள் என் நாத்தனார். உள்ளங்கை அகலத்தில், கூரையில் ஒட்டிக்கொள்ளும் வெள்ளை வட்டம். அறையில் ஆள் இருக்கிறதா, எவ்வளவு சூடு என்ற இரண்டை மட்டும் கம்பியில்லாமல் சொல்லும். நாற்பத்தொன்றும் சொல்வதை ஒரே இடத்தில் வாங்கி, வலைக்கம்பி வழியாக மேலாளரின் திரைக்கு அனுப்பும் பெட்டிதான் கேட்வே. சோப்பு டப்பாவைவிடச் சற்றுப் பெரியது.

அந்தப் பெட்டியை மாட்டுவதற்குள் அவளுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. லிஃப்ட் பக்கம் வைத்தால் கான்கிரீட் சுவர் பாதி அலையை விழுங்கியது. பொய்க்கூரைக்குள் ஒளித்து வைக்கச் சொன்னார் மேலாளர். வெளியே தெரிந்தால் அழகு கெடுமாம். கூரைப் பலகைகளோ தகரம். “தகர டப்பாக்குள்ள உக்காந்துகிட்டு ஊர்ல நடக்கறதக் கேக்க முடியுமா சார்?” என்றாள். கடைசியில் மூன்றாம் மாடி நடைக்கூடத்தில், எல்லார் கண்ணிலும் படும்படி, சுவரில் நாலு திருகாணி போட்டு இறுக்கினாள். பச்சை விளக்கு எரிந்தது. அது திங்கட்கிழமை. வெள்ளிக்கிழமை ஒப்படைக்க வேண்டும்.

மேலாளர் கெட்டவர் இல்லை. (கெட்டவராக எழுதினால் எனக்கு வேலை சுலபம். அவள் விடவில்லை.) கறாரானவர். “ஆள் இல்லாத ரூம்ல ஏசி ஓடக்கூடாது. ஆள் இருக்கக்கூடாத ரூம்ல ஆள் இருக்கக்கூடாது. எனக்கு அவ்வளவுதாம்மா வேணும்” என்று சொல்லியிருந்தார்.

3

செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றுக்கு, அவள் சோதித்துக்கொண்டிருந்த திரையில் இருபத்தேழாம் வரி ‘காலி’ என்பதிலிருந்து ‘ஆள் உண்டு’ என்று மாறியது. இருபத்தேழு என்பது நான்காம் மாடிக் கோடியில் இருக்கும் பழைய கோப்பறை. மாசக்கணக்கில் யாரும் போகாத அறை என்று சொல்லித்தான் காட்டியிருந்தார்கள். வெயில் பட்டுச் சூடான திரைச்சீலை ஆடினாலும் சில சென்சார்கள் ஏமாறும். ஆனால் அந்த அறையில் திரைச்சீலையே இல்லை.

புதன்கிழமையும் அதே நேரம் மாறியது. மாடியேறிப் போய்க் கதவைத் திறந்தாள்.

ஐம்பத்தைந்து வயதிருக்கும் ஒருவர் இரும்பு அலமாரி முன்னால் நின்று, கோப்புகளின் முதுகில் ஒட்டியிருந்த சீட்டுகளை உரக்கப் படித்துக்கொண்டிருந்தார். “வ… வயக்கு. இயப்பீடு. கி… கியக்குப் பிரிவு.” ஒவ்வொரு சொல்லையும் மூன்று முறை. அவளைப் பார்த்ததும், பரீட்சையில் பிட்டோடு மாட்டிய பையன்போல விறைத்துப்போனார்.

கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விஷயம் வந்தது. அவர் புகார்ப் பிரிவில் தொலைபேசி எடுப்பவர். இருபது வருஷமாக அந்த அலுவலகத்தின் குரலே அவர்தான். இரண்டு மாதத்துக்கு முன்னால் மூளையில் சின்ன அடைப்பு. கைகால் தப்பிவிட்டது, பேச்சு மாட்டிக்கொண்டது. அலுவலகத்தில் மஞ்சள் காமாலை என்று சொல்லி விடுப்பு எடுத்திருந்தார். திரும்பி வந்து, தொண்டை சரியில்லை என்று கடிதப் பிரிவில் ஒதுங்கியிருந்தார். ஒன்றாம் தேதியிலிருந்து மறுபடியும் தொலைபேசி. தெரிந்தால் வேலைக்கு லாயக்கில்லை என்று எழுதிவிடுவார்கள் என்று பயம். வீட்டில் படிக்கவும் முடியவில்லை; மனைவி பக்கத்து அறையில் நின்று அழுகிறாளாம்.

“எல்லாம் வ… வந்துடுச்சு. இந்த ஒரு எழுத்துதான்.”

“ழ தானே சார்? எனக்கே வராது. எனக்கு ஒடம்புக்கு ஒண்ணும் வரல, அதுக்கே இந்தக் கதி.”

அவர் சிரித்தார். வாய் ஒரு பக்கமாகத்தான் சிரித்தது. பிறகு கூரையைப் பார்த்தார்.

“இது கா… காட்டிக் குடுத்துடுமா?”

“ஆள் இருக்குன்னு காட்டும்.”

“மறைக்க முடியுமா?”

முடியும் என்றாள்.

(“இந்த எடத்துல ‘அவள் கண்கள் கலங்கின’ன்னு எழுதியிருக்கீங்க. கலங்கல. பசியில இருந்தேன்.” எடுத்துவிட்டேன்.)

4

மறைப்பது ரொம்பச் சின்ன வேலை. சென்சாரின் கூர்மையைக் குறிக்கும் எண்ணை ஒன்பதிலிருந்து ஒன்றாக்கினால் போதும். யானை நடந்தாலும் ‘காலி’ என்றே காட்டும். புதன் சாயங்காலம் ஒன்றாக்கினாள்.

எனக்குக் கதை இங்கேயே முடிந்திருந்தால் சந்தோஷம். நல்ல மனசு ஒன்று, நல்ல பொய் ஒன்று. படிக்கிறவர்களும் நெஞ்சு நிறைந்து பக்கத்தைத் திருப்பியிருப்பார்கள்.

ஆனால் வியாழக்கிழமை அவள் மறுபடியும் ஒன்பதாக்கினாள்.

“ஏன்டி?” என்று கேட்டேன். கொஞ்சம் கோபமாகவே கேட்டேன்.

“ஒப்படைக்கற படிவத்துல ஒரு வரி இருக்கு அண்ணி. தீ வந்தா காவலாளுங்க எந்தெந்த ரூம தொறந்து பாக்கணும்ங்கறதுக்கும் இந்தத் திரையத்தான் பாப்பாங்க. காலின்னு காட்டற ரூம தொறக்க மாட்டாங்க. அவரால சட்டுனு கத்தக்கூட முடியாது. நான் அங்க ‘காலி’ன்னு எழுதிட்டு வந்து வீட்டுல எப்படித் தூங்கறது?”

“அவர்கிட்ட முடியும்னு சொன்னியே.”

“சொன்னேன். அதனாலதான் நானே போய் சொன்னேன். மாத்திட்டேன் சார், நாளைக்கு பதினோரு மணிக்கு மேலாளர் திரை முன்னாடி உக்காந்திருப்பாரு, வராதீங்கன்னு.”

“என்ன சொன்னார்?”

“‘சரிம்மா’ன்னாரு. திக்காம சொன்னாரு. அதுதான் அண்ணி தாங்கல.”

5

வெள்ளிக்கிழமை. மேலாளரின் அறை. திரையில் நாற்பத்தொரு வரிகள். நாத்தனார் ஒவ்வொன்றாக விளக்கிக்கொண்டு வந்தாள். பதினொன்று அடித்தது, இருபத்தேழு ‘காலி’. அவளுக்கு மூச்சு வந்தது. பதினொன்று நாலுக்கு அது ‘ஆள் உண்டு’ என்று மாறியது.

மேலாளர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். “அது பழைய ஃபைல் ரூமாச்சே. யாரு அங்க?”

“அதச் சொல்ற சென்சார் இது இல்ல சார்.”

“கோளாறா இருக்குமோ?”

கதவைத் திறந்துவிட்டு இந்தப் பக்கம் வா என்று கூப்பிடுகிற கேள்வி. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது.

“இல்ல சார். நல்லா வேலை செய்யுது.”

மேலாளர் எழுந்தார். “நீங்க உக்காருங்க” என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போனார்.

அவள் உட்கார்ந்திருந்தாள். அவளால் பார்க்க முடிந்தது ஒரே ஒரு வரிதான். ஆள் உண்டு. முப்பதரை டிகிரி. பத்து நிமிஷம் கழித்தும் ஆள் உண்டு. ஒருவரா இருவரா என்று அதற்குச் சொல்லத் தெரியாது. இருபது நிமிஷத்தில் முப்பத்தொன்று. இரண்டு உடம்பு மூடிய அறையில் இருந்தால் அரை டிகிரி ஏறும். பதினொன்று முப்பத்தைந்துக்கு அடுத்த வேலையிடத்திலிருந்து அழைப்பு வந்துவிட்டது. மேலாளர் இறங்கி வரவில்லை. படிவத்தில் கையெழுத்துப் போட்டு மேஜையில் வைத்துவிட்டுக் கிளம்பினாள். அன்று மாலையோடு அந்தத் திரைக்குள் போகும் கடவுச்சொல்லும் அவளுக்குச் செல்லாமல் போயிற்று. ஒப்படைத்தால் அப்படித்தான்.

6

மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

(அ) மேலாளர் மஞ்சள் காமாலைச் சான்றிதழைக் கேட்கிறார். தொலைபேசிக்காரர் ஒன்றாம் தேதி வரவில்லை.

(“நடக்கக்கூடியதுதான்.”)

(ஆ) மேலாளர் அலமாரி முன்னால் உட்கார்ந்து, அவரோடு சேர்ந்து ‘வழக்கு, இழப்பீடு’ என்று படிக்கிறார்.

(“சினிமா.”)

(இ) கதவு திறந்ததும் அவரே முதலில் பேசுகிறார். இரண்டு மாதமாக ஒத்திகை பார்த்தது தொலைபேசிக்காக இல்லை, இந்தப் பேச்சுக்காகத்தான். தெரிந்தேதான் நாலு நிமிஷம் தாமதமாக அறைக்கு வந்தார். அந்த நாலு நிமிஷமும் அவர் மாடிப்படியில் நின்று—

(“இது நல்லாருக்கு அண்ணி. ஆனா நீங்க படியில இல்லியே. நானும் இல்ல.”)

“அப்போ உனக்கு என்ன தோணுது?”

“முப்பது நிமிஷம் உள்ள இருந்தாங்க. ஒருத்தர வெளிய போன்னு சொல்ல முப்பது நிமிஷம் ஆகாது.”

எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது. அவளுக்கு இல்லை.

“ஆனா பதில் சொல்றவரு மெதுவாத்தானே அண்ணி பேசுவாரு.”

அவள் செய்தது சரியா என்று அவள் கேட்கவில்லை. எனக்கும் சொல்லத் தெரியவில்லை. ஆகவே கதையை உங்களிடம் ஒப்படைக்கிறேன். நான்காம் மாடி, கடைசிக் கதவு. உள்ளே ஆள் உண்டு. நீங்கள் போய்ப் பார்ப்பதென்றால் தடுக்க மாட்டேன். ஆனால் தட்டிவிட்டுத் திறங்கள். தட்டியபின் சற்றுப் பொறுங்கள். உள்ளிருந்து பதில் வர நேரமாகும்.