பாதி டிரம்

பீன்ஸ் கழுவிய தண்ணீர் செடிக்கு, பாத்திரம் அலசியது தரை துடைக்க, தரை துடைத்தது கக்கூஸுக்கு. எர்மினியாவின் வீட்டில் ஒரு வாளித் தண்ணீர் மூன்று வேலை பார்க்காமல் வெளியேறியதில்லை. நகரத்தின் ஓரத்து இஸ்தபலாப்பா மேட்டில் குழாயைத் திறந்தால் காற்றுதான் வரும். வாரம் ஒரு தண்ணீர் லாரி. அவள் கணவர் ஃபிடென்சியோவுக்குச் சிறுநீரகம் போய் இரண்டு வருடமாகிறது. வயிற்றில் வைத்த குழாய் வழியாக மருந்துத் திரவத்தை ஏற்றி இறக்க வேண்டும், நாளுக்கு நாலு தரம். ஒவ்வொரு தரமும் முழங்கை வரை சோப்புப் போட்டு நல்ல தண்ணீரில் கழுவியாக வேண்டும். கிருமி உள்ளே போனால் ஆளே போய்விடுவார். அதனால் தன் குளியலை அவள் இரண்டு செம்பில் முடித்துக்கொண்டாள்.

அந்தச் சிக்கனத்துக்குப் போன வாரம் பரிசு கிடைத்தது. லாரியோடு வந்த தெருக் கமிட்டித் தலைவி ஒஃபேலியா டிரம் மூடியைத் தூக்கிப் பார்த்தாள்.

"பாதி கெடக்கேம்மா! காலி டிரம்முக்குத்தான் மொதல்ல. ஒனக்கென்ன, மகாராணி."

வாசலை வாளி வாளியாக ஊற்றிக் கழுவும் பக்கத்து வீட்டு சாயோவுக்கு இரண்டு டிரம்மும் நிரம்பின. எர்மினியாவின் பாதி டிரம் பாதியாகவே நின்றது.

இன்று கால் டிரம் இருந்தது. கீழே லாரியின் ஹாரன் கேட்டதும் சாயோ சுவருக்கு மேலே தலையை நீட்டினாள்.

"இன்னுமா வச்சிருக்கே? கொட்டுக்கா! பொழைக்கத் தெரியாத ஆளா இருக்கியே."

ஒளித்து வைக்கலாமென்றால் ஒஃபேலியா கட்டிலுக்கடியிலும் குனிந்து பார்ப்பவள். ஃபிடென்சியோவின் கைக்கென்று ஒரு செம்பை மட்டும் எடுத்து வைத்துவிட்டு, எர்மினியா டிரம்மைச் சாய்த்தாள். நல்ல தண்ணீர் சரிவில் ஓடியது. தன் கன்னத்தில் தானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

லாரி சாயோ வீட்டு வாசலில் நின்றது. இரண்டாவது டிரம் நிரம்பும்போதே லாரிக் குழாய் இருமியது, சொட்டியது, நின்றது.

"தீந்துபோச்சு" என்றாள் ஒஃபேலியா.

"எங்கிட்ட ஒரு சொட்டு இல்லம்மா. அவருக்குக் கை கழுவணும்."

"உங்கிட்டயா இல்ல? எப்பவும் மிச்சம் வச்சிருப்பியே. அடுத்த வாரம் பாப்போம், சமாளிச்சிக்க."

லாரி போய்விட்டது. எர்மினியா உள்ளே வந்தாள். செம்பு கவிழ்ந்து கிடந்தது. லாரிச் சத்தம் கேட்ட சந்தோஷத்தில் ஃபிடென்சியோ அதை முழுக்கவே கையில் ஊற்றி, முழங்கை வரை நுரைக்கத் தேய்த்திருந்தார்.

"வந்துருச்சில்ல? ஊத்து" என்று இரண்டு கையையும் நீட்டினார். நுரை காய ஆரம்பித்திருந்தது.