உள்பக்கக் கைப்பிடி

"அவசரப்படாதடா. எஞ்சின் சூடாகி அந்த மஞ்ச லைட் அணையட்டும்."

மகன் மூன்றாவது முறையாகச் சாவியைத் திருகிக்கொண்டிருந்தான். சவப்பெட்டியை ஏற்றிய வேன் தெருமுனை வரை போய், பின்னால் வர வேண்டிய கார் வராததால் நின்றுவிட்டது.

"அணைஞ்சிடுச்சும்மா."

"அணைஞ்சதும் பத்து எண்ணு. அப்புறம் ஆக்ஸிலேட்டர்ல கால் வைக்காம ஸ்டார்ட் பண்ணு."

பள்ளிக்கூடப் பிள்ளைபோல் அவன் சத்தமாக எண்ணினான். பத்தில் எஞ்சின் ஒருமுறை செருமிவிட்டு, கடகடவென்ற தன் நிதானத்துக்கு வந்தது. பின்சீட்டில் மருமகளுக்குப் பக்கத்தில் இருந்த நாத்தனார் விசும்பினாள். "எங்க அண்ணன் பேசற மாதிரியே இருக்கு அண்ணி."

அவர் வாழ்நாளில் இவ்வளவு நிதானமாகப் பேசியதில்லை என்று முன்சீட்டில் இருந்த அவள் நினைத்துக்கொண்டாள்.

அந்த ஜெர்மன் கார் வீட்டுக்கு வந்து இருபத்தெட்டு வருஷம். வரும்போதே கிழடு. ஒரு டாக்டர் ஓட்டிச் சலித்துப் போட்டதை அவள் கணவர் வாங்கி வந்தார். தொழிற்பயிற்சிப் பள்ளியில் பட்டறை வாத்தியாராக இருந்தவர் அவர். ஊருக்கே டீசல் சார். புது வண்டி வாங்கச் சொன்னவர்களிடமெல்லாம் ஒரே பதில்தான்: "இதுல எது கெட்டாலும் கழட்டிப் பாக்கலாம். கழட்டினதைத் திரும்ப மாட்டலாம். வேற எதுல அப்படி முடியுது, சொல்லு?" வருகிறவர்களை நிற்கவைத்துக் கதவைச் சாத்திக் காட்டுவார். 'தப்' என்று கனமாக, ஒரே ஒரு சத்தம். "கேட்டியா?" என்பார். அவர்கள் தலையாட்டும் வரை விடமாட்டார்.

பொய் சொல்லக் கூடாது, அவளுக்கும் அந்த வண்டியைப் பிடிக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் டார்ச் பிடிப்பது அவள் வேலை. எந்த ஸ்பேனர் எதற்கு என்று கேட்காமலே எடுத்துக் கொடுப்பாள். அவர் கழட்டிப் பூட்டிய எஞ்சின் மறுபடி உயிர் பெற்று ஓடும்போது அவளுக்கும் நெஞ்சு நிறையும். ஆனால் ஓட்டிப் பார்க்க ஒருநாளும் கொடுத்ததில்லை. க்ளட்ச் உனக்கு வராது என்றார், அவ்வளவுதான்.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் அவள் பக்கத்துக் கதவின் உள்கைப்பிடி உடைந்தது. வெளியிலிருந்து திறக்கலாம், உள்ளிருந்து முடியாது. "ஜெர்மனியிலேர்ந்து வரணும்" என்றார். அதுவரை வண்டி நின்றதும் அவரே இறங்கி, முன்பக்கமாகச் சுற்றி வந்து, போகிற போக்கில் பானெட்டைக் கையால் ஒரு துடை துடைத்துவிட்டு, கதவைத் திறந்து விட்டார். பார்த்தவர்களுக்கெல்லாம் பொறாமை. "இந்தக் காலத்துல எந்தப் புருஷன் கதவு திறந்து விடறான்? மகாராணிதான் போங்க!" அந்த மகாராணி ஒருநாள் பாங்கு வாசலில் முக்கால் மணி நேரம் வெயிலில் வண்டிக்குள்ளேயே வெந்தாள். மகாராஜா உள்ளே யாரிடமோ ரேடியேட்டரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

நேற்று முன்தினம் காலை பானெட்டுக்குள் குனிந்திருந்தவர், "டார்ச்சை இன்னும் கொஞ்சம் கிட்ட காட்டு" என்றார். காட்டினாள். அப்படியே தரையில் உட்கார்ந்தார். பிறகு எழவில்லை.

இன்று காலை மகன் கார் சாவியைக் கேட்டான். ஷெட்டின் இரும்பு அலமாரியில் தேடும்போது ஒரு சின்ன அட்டைப்பெட்டி கையில் தட்டியது. மேலே புரியாத எழுத்து, அயல்நாட்டுத் தபால்தலை, முத்திரையில் தேதி. உள்ளே எண்ணெய்க் காகிதத்தில் சுற்றிப் பளபளவென்று ஒரு கதவுக் கைப்பிடி. தேதியை இரண்டு முறை படித்தாள். ஒன்பது வருஷம் ஆகியிருந்தது.

அதற்குள் யாரோ கூப்பிட, பெட்டியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு போய்விட்டாள். கூடத்தில் எல்லோரும் அவர் முகத்தைக் கடைசியாகப் பார்த்தார்கள். அவள் மட்டும் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பார்த்தால் கேட்டுவிடுவாள், அவ்வளவு பேர் முன்னால். இடுகாட்டில் மூடுவதற்கு முன் இன்னொரு தடவை திறப்பார்கள் என்று மருமகள் சொன்னாள். அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தாள்.

இடுகாட்டு வாசலில் மதில் ஓரமாக மகன் வண்டியை நிறுத்தினான். பெட்டியைத் தூக்க ஆள் போதவில்லை என்று யாரோ கைகாட்ட, சாவியை உருவிக்கொண்டு ஓடினான். நாத்தனாரை இரண்டு பெண்கள் கட்டிக்கொண்டு அழுதபடியே நடத்திப் போனார்கள். மருமகள் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு அவர்கள் பின்னால் விரைந்தாள்.

அவள் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். அவர் இறங்கி, பானெட்டைத் துடைத்து, சுற்றி வர ஆகும் நேரம்.

யாருக்காகக் காத்திருக்கிறோம் என்பது அப்புறம்தான் உறைத்தது.

கண்ணாடியைத் தட்டினாள். ஐம்பது அடி தள்ளிக் கூட்டம் முதுகைக் காட்டி நின்றது. போன வருஷம்தான் எல்லாக் கதவுக்கும் புது ரப்பர் போட்டிருந்தார். "உள்ள உக்காந்து கத்தினாக்கூட வெளியில கேக்காது" என்று பெருமை வேறு. சாவி இல்லாமல் கண்ணாடி இறங்காது. டிரைவர் சீட்டுக்குத் தாவ, நடுவில் கியர்க் கம்பியும் ஒரு மேடும். அறுவை செய்த முழங்கால் அதைத் தாண்டாது. கையை நீட்டினால் ஹார்ன் எட்டும். புருஷன் சாவில் ஹார்ன் அடித்தவள் என்று ஆயுசுக்கும் சொல்வார்கள். தொட்ட கையை எடுத்துவிட்டாள்.

முன்கண்ணாடி வழியே, பெட்டியை இறக்கிவைத்து மூடியைத் திறப்பது தெரிந்தது. வரிசையாகக் குனிந்து பார்த்துவிட்டு நகர்ந்தார்கள். உடம்பெல்லாம் வியர்த்தது. ஆத்திரத்தில் கண்ணில் நீர் வந்தது. சாகும்போதுகூட என்னை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுத்தான் போவீர்களா என்று வாய்விட்டுக் கேட்டாள். கேட்க ஆளில்லை.

கைப்பையைத் திறந்தாள்.

டேஷ்போர்டில் இருக்கும் சின்ன அறையில், மஞ்சள் துணியில் சுற்றி ஸ்க்ரூடிரைவர் எப்போதும் இருக்கும். இருந்தது. கைப்பிடியைச் சுற்றியிருந்த கறுப்புச் சட்டத்தை நெம்பினாள். டார்ச் பிடித்து எத்தனையோ தடவை பார்த்த இடம்தான். மூன்று ஸ்க்ரூ. உடைந்ததை எடுத்தாள். உள்ளே ஒரு கம்பி, அதன் நுனியில் கொக்கி. புதிய பிடியின் துளையில் கொக்கியை மாட்டினாள். ஒரு ஸ்க்ரூ விரல் வழுக்கி விழுந்து சீட்டுக்கு அடியில் போய்விட்டது. போகட்டும், இரண்டு போதும். முடுக்கினாள்.

இழுத்தாள். கதவு திறந்தது.

நாலு நிமிஷ வேலை. அதற்குப் பதினோரு வருஷம் காத்திருந்தாள்.

முழங்காலைப் பிடித்துக்கொண்டு, முடிந்த வேகத்தில் நடந்தாள். மூடியைக் கையில் ஏந்திய ஆள் அவளைப் பார்த்ததும் நின்றான். மகனுக்கு முகம் வெளுத்துவிட்டது.

"ஐயோ, அம்மா! மறந்தே போயிட்டேன்… எப்படி வந்தே?"

"கதவைத் திறந்துதான்."

குனிந்து பார்த்தாள். சவரம் செய்த முகம். வலது கட்டைவிரல் நகத்தில், எந்தச் சோப்புக்கும் போகாத அந்தக் கறுப்பு. அவள் விரலிலும் இப்போது அதே எண்ணெய் இருந்தது. ஏன் மாட்டவில்லை என்று கேட்கத்தான் வந்தாள். சோம்பல் என்று சொல்ல முடியாது, ஒரு நட்டு குறைந்தாலே தூங்காத மனிதர். கோபம் அப்படியே இருந்தது. இவர் எழுந்து ஒரே ஒரு தடவை சுற்றி வந்தால் தேவலை என்றும் இருந்தது. இரண்டையும் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியவில்லை. மூடியை ஏந்தியிருந்தவன் கைமாற்றிப் பிடித்தான்.

"மூடுங்க" என்றாள்.

எல்லாம் முடிந்து திரும்பும்போது மகன் அவளுக்கு முன்னால் ஓடிப்போய்க் கதவைத் திறந்து பிடித்தான். அழுது அழுது கண் சிவந்திருந்தது.

"இனிமே நான்தாம்மா உனக்குக் கதவு திறப்பேன். வண்டியை விக்கவே மாட்டேன். நீ எங்க வீட்டுக்கு வந்துடு. ஞாயித்துக்கிழமையானா நானே கூட்டிட்டுப் போறேன். எங்க வேணாலும். அப்பா மாதிரியே."

அவள் ஏறி உட்கார்ந்தாள். கதவைச் சாத்தினான். 'தப்.'

முன்பக்கமாகச் சுற்றி வந்தான். பானெட்டைக் கையால் ஒரு துடை துடைத்தான். ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினான். மஞ்சள் விளக்கு எரிந்து அணைந்தது.

"ஒண்ணு… ரெண்டு… மூணு…"

பின்சீட்டில் நாத்தனார் மூக்கை உறிஞ்சினாள். அவன் ஏழு என்றபோது முன்சீட்டில் அவள் புதுக் கைப்பிடியை இழுத்தாள். கதவு ஒரு விரற்கடை திறந்து, வெளிக்காற்று வந்தது. சாத்தினாள். மறுபடி இழுத்தாள்.

எண்ணிக்கொண்டிருந்தவன் நிறுத்தினான். அவள் கையையும் அந்தப் பளபளப்பான பிடியையும் பார்த்தான்.

"என்னம்மா?"

"ஒண்ணுமில்ல. நீ எண்ணு."

அவன் மறுபடியும் ஒன்றிலிருந்து தொடங்கினான்.